'வேண்டும்' என்றால் வேண்டும்தானே?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். பக்கத்து மனைக்காரருடன் எல்லைத் தகராறு. முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறேன். சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் எதிராளி எதிருரை தாக்கல் செய்ய வேண்டும், 90 நாளைத் தாண்டவே கூடாது என்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அவர் 127ஆம் நாள்தான் கொண்டுவந்தார். நீதிபதி இரண்டாயிரம் ரூபாய் செலவுத்தொகை போட்டு அதை ஏற்றுக்கொண்டார். என் மருமகன் மிக்சி, கிரைண்டர் கடை வைத்திருக்கிறார். ஒரு வாடிக்கையாளர் அவர்மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தார். அங்கே பதில் தர 45 நாள் கெடு. மருமகன் 48ஆம் நாள் போனார், வாங்க மறுத்துவிட்டார்கள். 37 நாள் தாமதம் பரவாயில்லை, 3 நாள் தாமதம் கூடாதா? 'வேண்டும்' என்ற சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே பொருள்தானே? நீதிபதிகள் விருப்பம்போல் பொருள் சொல்லிக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

ஐயா, வணக்கம்.

உங்கள் ஆதங்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற யாருக்கும் இந்தக் கேள்வி வரும். "சட்டம் அப்படித்தான்" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் காலமெல்லாம் சொல்லுக்குப் பொருள் சொல்லிக்கொடுத்த ஒருவருக்கு அது பதில் ஆகாது.

நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டு உத்தரவுமே சட்டப்படி நிற்கக்கூடியவைதான். ஆனாலும் இரண்டிலும் சரிபார்க்க வேண்டிய இடம் ஒவ்வொன்று இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த 'வேண்டும்'. கோர்ட்டில் நாங்கள் விரித்து வைத்து வாதாடுவது ஆங்கில வாசகத்தை. உங்கள் புத்தகத்தில் 'வேண்டும்' என்று வருகிற இடத்தில் அங்கே 'ஷல்' இருக்கும். 'ஷல்' என்றால் கட்டாயம், 'மே' என்றால் நீதிபதியின் விருப்பம் என்று சட்டக் கல்லூரியில் படித்துவிட்டு வருகிறோம். தொழிலுக்கு வந்த பிறகுதான் அது பாதி உண்மை என்று தெரிகிறது.

தமிழிலேயே பாருங்கள். கல்யாணப் பத்திரிகையில் "தாங்கள் குடும்பத்துடன் அவசியம் வந்திருந்து மணமக்களை வாழ்த்த வேண்டும்" என்று போடுகிறோம். தேர்வு நுழைவுச்சீட்டில் "9.30 மணிக்குள் வந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு வருபவர்கள் அனுமதிக்கப்படமாட்டார்கள்" என்று அச்சிடுகிறார்கள். இரண்டிலும் அதே 'வேண்டும்'தான். பத்திரிகையில் 'அவசியம்' என்று ஒரு சொல் கூடுதலாகவே இருக்கிறது. ஆனாலும் முகூர்த்தம் முடிந்து போய் நின்றால் "வாங்க வாங்க" என்று இலை போடுவார்கள். தேர்வுக்கு ஐந்து நிமிடம் பிந்தினால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். 'வேண்டும்' எவ்வளவு கறாரானது என்பதை அதற்கு அடுத்த வாக்கியம்தான் சொல்கிறது.

நீதிபதியும் இப்படித்தான் படிக்கிறார். கெடு விதிக்கும் பிரிவைப் பார்த்ததும் அவர் மனதில் எழும் கேள்வி: கெடு தாண்டினால் என்ன ஆகும் என்று இந்தச் சட்டம் எங்காவது சொல்லியிருக்கிறதா? சொல்லியிருந்தால் முடிவை யார் கையில் கொடுத்திருக்கிறது?

உங்கள் வழக்குக்குப் பொருந்துவது உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 8ஆவது கட்டளை, அதாவது எதிருரை பற்றிய விதிகளின் தொகுப்பு. அதன் முதல் விதி நீங்கள் சொன்னதுதான்: சம்மன் கையில் சேர்ந்த நாளிலிருந்து 30 நாள், காரணத்தை எழுத்தில் பதிந்து நீதிமன்றம் நீட்டித்தால் 90 நாள் வரை. பலரும் இந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். தயவுசெய்து பக்கத்தைத் திருப்பி 10ஆவது விதியையும் படியுங்கள். குறித்த காலத்தில் எதிருரை தராவிட்டால் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல வேண்டும், அல்லது அந்த வழக்கில் தனக்குத் தக்கதாகத் தோன்றும் உத்தரவைப் போட வேண்டும் என்கிறது அது. அந்த 'அல்லது' ஒரு கதவு. கதவை வைத்தது நாடாளுமன்றம். உங்கள் முன்சீப் அதைத் திறந்தார், அவ்வளவுதான்.

இது என் சொந்த வியாக்கியானம் இல்லை. இந்தக் கெடுக்களைக் கொண்டுவந்த திருத்தங்கள் 2002 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்தன. அவற்றை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது சேலம் வழக்கறிஞர் சங்கம். 2005 ஆகஸ்ட் 2 அன்று வந்த தீர்ப்பில், முதல் விதியையும் 10ஆவது விதியையும் சேர்த்துப் படித்து, 90 நாள் என்பது வழிகாட்டும் கெடுதான், பூட்டு அல்ல என்றார்கள். 'ஷல்' சாதாரணமாகக் கட்டாயத்தைக் குறிக்கும், ஆனால் அது இருக்கிற இடத்தையும் சூழலையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். இன்றைக்கும் வட இந்திய நீதிமன்றங்களில்கூட எதிருரை தாமதம் பற்றிய வாதம் வந்தால் சேலத்தின் பெயரும் வந்துவிடும்.

அந்தக் கதவு ஏன் தேவை என்பதைத் தொழிலின் தொடக்கத்திலேயே நேரில் பார்த்தேன். கட்சிக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. பண்டிகைக்குத்தான் ஊருக்கு வருவார். வீட்டில் தாயார் மட்டும். அமீனா கொண்டுவந்த சம்மனை அந்த அம்மா கைநாட்டு வைத்து வாங்கி, சுவரில் தொங்கிய முருகன் காலண்டர் அட்டைக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்துவிட்டார். ரேஷன் கார்டு, கரண்ட் பில் எல்லாம் அங்கேதான் இருக்கும். பொங்கலுக்கு வந்த மகன் புதுக் காலண்டர் மாட்டுவதற்காகப் பழையதைக் கழற்றியபோது காகிதம் தரையில் விழுந்தது. எண்ணிப் பார்த்தால் 104ஆம் நாள். அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனோம். நீதிபதி பிரமாணப் பத்திரத்தைப் படித்துவிட்டு, "படிக்கத் தெரியுமாம்மா?" என்று மட்டும் கேட்டார். அந்த அம்மா இல்லை என்று தலையாட்டினார். எதிருரை பதிவாகிவிட்டது. 90 நாளோடு கதவு சாத்தப்பட்டிருந்தால் அவர்களுடைய ஓட்டு வீடு விசாரணையே இல்லாமல் போயிருக்கும்.

உங்கள் எதிராளிக்கு அப்படி ஒரு காரணம் இருந்ததா? அதுதான் உங்கள் வழக்கில் கேட்க வேண்டிய கேள்வி. ஏனென்றால் அதே 2005 தீர்ப்பு, 90 நாளைத் தாண்டிய நீட்டிப்பை வழக்கமாகத் தரக் கூடாது, மிகவும் கடினமான நிலைமைகளில் மட்டுமே தரலாம் என்றும் சொல்லியிருக்கிறது. நடைமுறையில் பல இடங்களில் அது செலவுத்தொகை கட்டினால் கிடைக்கிற சலுகையாகிவிட்டது. இதை நான் ஏற்கவில்லை. காலண்டருக்குப் பின்னால் சம்மனை வைத்த அம்மாவுக்காகத் திறந்த கதவில், வழக்கை இழுத்தடிக்க நினைக்கிறவர் இரண்டாயிரம் ரூபாயோடு நுழைவது அந்தத் தீர்ப்புக்கே செய்கிற அவமரியாதை.

நாடாளுமன்றம் கதவை உண்மையிலேயே சாத்த நினைத்தால் எப்படி எழுதும் தெரியுமா? அதற்கும் இதே 8ஆவது கட்டளையில் சாட்சி இருக்கிறது. 2015இல் வணிக நீதிமன்றங்களுக்கான சட்டம் வந்தபோது வணிக வழக்குகளுக்கு மட்டும் இந்த விதியைத் திருத்தினார்கள். 120 நாள் முடிந்தால் எதிர்வாதி எதிருரை தாக்கல் செய்யும் உரிமையை இழக்கிறார், நீதிமன்றம் அதைப் பதிவில் ஏற்கக் கூடாது என்று உடைத்து எழுதினார்கள். 10ஆவது விதியிலும் காலத்தை நீட்டிக்க எந்த நீதிமன்றமும் உத்தரவிடக் கூடாது என்று சேர்த்தார்கள். 2019இல் உச்ச நீதிமன்றம் அதைப் படித்துவிட்டு, 121ஆம் நாள் வந்தாலும் கிடையாது என்றது. சட்டம் ஒன்றுதான், விதியின் எண்ணும் ஒன்றுதான். அடுத்த வாக்கியம் மாறியது, பொருளும் மாறியது.

சரி, மருமகன் விஷயத்துக்கு வருவோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் 38ஆவது பிரிவு, 30 நாளுக்குள், அல்லது ஆணையம் தருகிற "15 நாளுக்கு மேற்படாத" கூடுதல் காலத்துக்குள் பதில் தர வேண்டும் என்கிறது. உரிமையியல் சட்டத்திலும் "90 நாளுக்குப் பிந்தாத" என்றுதானே இருக்கிறது என்று நீங்கள் உடனே மடக்குவீர்கள். மடக்கத்தான் வேண்டும். நீதிபதிகளே இதில் ஒத்த கருத்தோடு இருக்கவில்லை. முந்தைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்த வாசகம் இருந்தது. 2002ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு 45 நாளுக்கு மேலும் ஏற்கலாம் என்றது. இன்னோர் அமர்வு கூடாது என்றது. இரண்டு தீர்ப்பையும் வைத்துக்கொண்டு நாடு முழுக்கப் பல ஆண்டுகள் வாதாடினோம். கடைசியில் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 மார்ச் 4 அன்று முடித்துவைத்தது: 45 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை.

அவர்கள் சொன்ன காரணங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. அதே சட்டத்தில், மேல்முறையீடு பிந்தினால் தக்க காரணம் இருந்தால் மன்னிக்கலாம் என்று எழுதியிருக்கிறது. புகார் கொடுப்பதில் ஏற்படும் தாமதத்துக்கும் அப்படியே. எதிர்த்தரப்பின் பதிலுக்கு மட்டும் அந்த வார்த்தை இல்லை. இரண்டு இடத்தில் 'மன்னிக்கலாம்' என்று எழுதத் தெரிந்த கை, மூன்றாவது இடத்தில் மறந்து விட்டிருக்காது. வேண்டுமென்றே விட்டதை நீதிபதி தன் பேனாவால் சேர்க்க முடியாது. அப்புறம், பதில் வராவிட்டால் புகார்தாரர் காட்டும் சாட்சியத்தை வைத்து ஒருதலையாக முடிவு செய்யலாம் என்று விளைவையும் அந்தச் சட்டமே சொல்லிவிடுகிறது. தவிர, அது எதற்காக வந்த சட்டம்? பொருள் வாங்கி ஏமாந்தவருக்குச் சீக்கிரம் தீர்வு கிடைக்க வேண்டும் என்பதற்காக. பொருளைச் சோதனைக்கு அனுப்பத் தேவையில்லாத புகார்களை 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று 38ஆவது பிரிவிலேயே இருக்கிறது. அதில் பதிலுக்கே 127 நாள் என்றால் மீதி என்ன இருக்கும்?

கடைக்காரரான உங்கள் மருமகனுக்கு இது கசக்கும். தனி ஆளாகக் கல்லாவும் பார்த்துக்கொண்டு நோட்டீஸுக்கும் பதில் எழுதுகிற சிறு வியாபாரிக்கு 45 நாள் சீக்கிரம் ஓடிவிடும். அவர்களுக்கென்று நாடாளுமன்றம் ஒரு சிறு விலக்கு எழுதலாம் என்பது என் விருப்பம். ஆனால் எழுதாத வரை ஆணையம் அதைத் தானாகக் கொடுக்க முடியாது.

நீதிபதிகள் விருப்பம்போல் பொருள் சொல்லலாமா என்ற கேள்விக்கு, கெடுவை விட்டுவிட்டுத் தேங்காயை எடுத்துக்கொள்கிறேன். விற்பனை வரி இருந்த காலத்தில் பழத்துக்கும் காய்கறிக்கும் கிடைத்த சலுகை தேங்காய்க்கும் உண்டா என்று மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1985இல் தீர்ப்பு வந்தது. தாவரவியல்படி தேங்காய் பழம்தான். ஆனால் இளநீரும் அல்லாத, கொப்பரையும் ஆகாத முற்றிய தேங்காயைப் பழம் என்று யாரும் வாங்குவதில்லை, காய்கறி என்றும் வாங்குவதில்லை. எனவே சலுகை இல்லை என்று தீர்ந்தது. அதற்கு முன்பே, 1961இல், வெற்றிலை காய்கறியா என்று மத்திய மாகாணத்து வரிச் சட்டத்தின்கீழ் ஒரு வழக்கு. பட்டியலில் காய்கறி தனியாகவும் வெற்றிலை தனியாகவும் இருந்து, பிறகு வெற்றிலையை மட்டும் எடுத்துவிட்டார்கள். காய்கறிக்குள் வெற்றிலையும் அடக்கம் என்றால் முதலில் ஏன் தனியாகப் போட்டார்கள் என்று கேட்டது நீதிமன்றம். சந்தையில் காய் வாங்கப் போகிறவர் வெற்றிலையைக் காய் என்று நினைத்து வாங்குவதில்லை என்பதும் சேர்ந்தது. அகராதியையும் தாவரவியல் புத்தகத்தையும் விட, அந்தப் பொருளை வாங்கி விற்கிற மக்களின் வாய்ச்சொல்லுக்கு முதலிடம். நீதிபதியின் கையைக் கட்டுகிற முதல் கயிறு இதுதான்.

இந்தக் கயிறு இருந்தும் கருத்து வேற்றுமை வருவதுண்டு. வரி போடுவதற்காகப் பார்த்தால், சிறு பாக்கெட்டில் விற்கிற சுத்தமான தேங்காய் எண்ணெய் சமையலுக்கா, தலைக்கா? சேலம் கலால் ஆணையர் தரப்பில் போன வழக்கில் 2018இல் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். நீதிபதி ரஞ்சன் கோகாய் சமையல் எண்ணெய் என்றார்; நீதிபதி ஆர். பானுமதி தலை எண்ணெய் என்றார். 2024 டிசம்பர் 18 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, பாக்கெட் சிறிதாக இருப்பது மட்டும் போதாது, தலைக்கான எண்ணெய் என்று லேபிளிலோ வேறு விதத்திலோ காட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சமையல் எண்ணெய்தான் என்று முடித்தது. எதிரெதிராகச் சொன்ன இருவரும் தங்கள் காரணத்தைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். விருப்பம்போல் சொல்கிறவர் அப்படி எழுதத் தேவையில்லை. எழுதியதால்தான் அடுத்த அமர்வு எடைபோட்டுப் பார்க்க முடிந்தது.

சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு சட்டத்தின் நோக்கத்தைத் தவறவிட்டால் எவ்வளவு பெரிய தீங்கு வரும் என்பதையும் சமீபத்தில் பார்த்தோம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தில் 'தொடுதல்' என்று இருக்கிறது. உடைக்கு மேலே தொட்டால் அது அந்தப் பிரிவில் வராது, தோலோடு தோல் படவேண்டும் என்று 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு சொன்னது. அதே ஆண்டு நவம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. குழந்தையைக் காக்க வந்த சட்டத்தை, அந்தக் காப்பையே அழிக்கும்படி படிக்கக் கூடாது. குற்றம் செய்தவனின் பாலியல் எண்ணம்தான் முக்கியம் என்றார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இன்னும் மறக்கவில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது.

உங்கள் வழக்கில், எதிருரையை ஏற்ற உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். தாமதத்துக்கு எதிராளி என்ன காரணம் சொன்னார், நீதிபதி அதை ஏன் ஏற்றார் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். காரணமே இல்லாமல் செலவுத்தொகை மட்டும் இருந்தால், அரசியலமைப்பின் 227ஆவது கூறின்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் சீராய்வு மனுவுக்கு இடம் உண்டு. ஆனால் என் வீட்டு வழக்காக இருந்தால் நான் போகமாட்டேன். அங்கே ஓராண்டு போய்விடும். ஜெயித்தாலும் எல்லை எங்கே என்பதை நீங்கள் பத்திரத்தாலும் அளவையாலும் நிரூபித்தே ஆக வேண்டும். எழுவினாக்களை, அதாவது வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விகளை, உடனே வனைந்து விசாரணையைத் தொடங்கும்படி கேளுங்கள். இடத்தை நேரில் அளந்து கோர்ட்டுக்கு அறிக்கை தர ஒரு வக்கீலை அட்வகேட் கமிஷனராக நியமிக்கக் கோரி மனுப் போட்டிருக்கிறீர்களா என்று உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.

மருமகன் வழக்கில் இன்னும் வழி இருக்கலாம். அந்த 2020 தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: 45 நாள் ஓடத் தொடங்குவது வெறும் நோட்டீஸ் கிடைத்த நாளில் இல்லை, புகாரின் நகலோடு நோட்டீஸ் கிடைத்த நாளில். பல பேருக்கு முதலில் வருவது ஒற்றைத் தாள் நோட்டீஸ். புகாரின் நகலை முதல் வாய்தாவில் நேரில் வாங்குவார்கள். அவர் 48 நாள் என்று எண்ணியது எந்த நாளிலிருந்து? நகல் மூன்று நாள் பிந்திக் கிடைத்திருந்தாலே அவர் 45ஆம் நாள் வந்தவர் ஆகிவிடுவார். கிடைத்த அந்த நாளையும் எண்ணிக்கையில் சேர்த்திருந்தால், பொதுப் பிரிவுகள் சட்டம் 1897இன்படி அதை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ணச் சொல்லுங்கள். 30 நாளுக்கு மேல் நீட்டிப்புக் கேட்டு மனுப் போட்டாரா என்பதையும் பாருங்கள். கணக்கு நம் பக்கம் இருந்தால் 47ஆவது பிரிவின்கீழ் மாநில ஆணையத்தில் சீராய்வு கேட்கலாம்.

கணக்கு நம் பக்கம் இல்லாவிட்டாலும் அவர் வாயை யாரும் கட்டிவிடவில்லை. பதில் தாக்கல் செய்யும் உரிமை போனவர்கூட விசாரணையில் கலந்துகொண்டு இறுதி வாதம் செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் அண்மையில் தெளிவுபடுத்தியிருக்கிறது. கிரைண்டரில் குறை இருந்தது என்பதை வாடிக்கையாளர்தான் நிரூபிக்க வேண்டும். அடுத்த வாய்தாவைத் தவறவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அதற்கு முன்னால், நோட்டீஸ் வந்த தபால் உறையைக் கடையில் தேடச் சொல்லுங்கள். பில் புத்தகங்களுக்கு அடியிலோ கல்லாப் பெட்டியிலோ கிடக்கும். மேலே இருக்கும் தபால் முத்திரையின் தேதி, உள்ளே எத்தனை தாள் வந்தது, புகாரின் நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று அவர் எந்தத் தேதியில் கையெழுத்துப் போட்டார் – இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.